கொடைத் திடலில் கொஞ்சம் தரை கேட்டு ஒரு திறந்த மடல்

நம்ம ஊர் அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டித் தலைவர் அண்ணாச்சிக்கும், கமிட்டியில் இருக்கிற அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும், மேலத்தெருவில் பிறந்த பெண் எழுதிக்கொள்வது. நலம். நலமறிய ஆவல்.

கல்யாணமாகி நான் மதுரைக்குப் போய் 27 வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொரோனா சமயத்தில் கொடை நின்றுபோன வருஷங்களைத் தவிர, சித்திரைக் கொடைக்கு ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. ஆனால் கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற தலைக்கட்டு வரி அண்ணன் பெயரில்தான். கட்டிக்கொடுத்த பெண்கள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் மடலாக எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசமரத்து மூட்டிலிருந்து குளத்துப் படித்துறை வரைக்கும் இருக்கிற தரையை, கொடை நடக்கிற மூன்று நாளும், திடலை மொத்தமாக ஒருவருக்கு விடுகிற குத்தகையில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். தோளில் சுமந்தும் சாக்கில் பரப்பியும் விற்கிறவர்கள் அங்கே காசு கட்டாமல் உட்காரட்டும்.

போன வருஷம் நடந்ததை உங்களில் பலபேர் பார்த்திருக்க மாட்டீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மஞ்சப்பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற நேரம், நீங்கள் எல்லாரும் கோயிலுக்குள் இருந்தீர்கள். ஒரு சவ்வு மிட்டாய்க்காரர் வந்தார். அறுபது வயசு இருக்கும். தோளில் மூங்கில் கழி, கழியின் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை, கயிற்றை இழுத்தால் அது கையிலிருக்கிற ஜால்ராவைத் தட்டும். குத்தகைதாரரின் ஆள் ஒரு பையன் வந்து, நாளைக்கு 500 ரூபாய் கட்டினால் உள்ளே நிற்கலாம் என்றான். பெரியவர் சண்டை போடவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். அங்கேயும் நிற்கக் கூடாது என்றதும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அண்ணனின் பேத்தி, ஆறு வயசு. அந்தப் பொம்மை கூட்டத்துக்கு மேலே தலை தெரிய ஆடிக்கொண்டே போனதை அவள் பார்த்தபடியே இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்து மிட்டாய் கேட்டோம். கழியில் சுற்றியிருந்த பாலிதீன் தாளை விலக்கி, சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய மிட்டாயை ஒரு விரல் கனத்துக்கு இழுத்தார். இழுக்க இழுக்க அது நூலாகி வந்தது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நடுவில் ஒரு தட்டை வட்டம், அதில் நகத்தால் இரண்டு கீறல் வைத்து முள். பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். வாட்ச். அப்புறம் துளியூண்டு கிள்ளி அவள் மேலுதட்டில் மீசையாக ஒட்டினார். அந்த மீசைக்குக் காசு கிடையாது. எனக்கும் 1982 வாக்கில் இதே ஊரில் அப்படித்தான் ஒட்டினார்கள். மீசை கணக்கில் வராது என்பதை இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தொழிலில் யாரும் மறக்கவில்லை.

“இருபது ரூபாய் மிட்டாயம்மா. ஐநூறு கட்டுறதுக்கே இருபத்தஞ்சு பிள்ளை வரணும். அதுக்கப்புறம்தான என் வீட்டுக்கு” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அண்ணாச்சி, நம் காலத்துக் கொடைத்துட்டை நினைத்துப் பாருங்கள். கொடைக்கு முதல்நாள் ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்துப் பேரன் பேத்திகளை வரிசையாக நிறுத்துவாள். அப்புறம் மாமா, சித்தப்பா, கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள். எல்லாம் சேர்த்தால் இரண்டு ரூபாய் தேறும். நாலு மூலை அஞ்சு பைசா, விளிம்பு நெளிந்த பத்துப் பைசா, ஆறு மூலை இருபது பைசா. அலுமினியக் காசு, கையில் கனமே இருக்காது. பாவாடை நுனியில் முடிந்துவைத்து, அவிழ்க்காமலே விரலால் தடவி எத்தனை இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. அது நாணயத்தின் கதை. நான் சொல்ல வருவது, அந்தத் துட்டுக்கு முழு அதிகாரமும் பிள்ளையிடம்தான் இருந்தது என்பதை. என்ன வாங்கினாய் என்று கேட்பார்களே தவிர, ஏன் வாங்கினாய் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அந்த இரண்டு ரூபாயை மூன்று நாளைக்குப் பிரிக்க வேண்டும். முதல் நாள் முழுக்க ஒன்றும் வாங்காமல் சும்மா சுற்றி வருவோம். தரையில் சாக்கு விரித்து என்னென்ன இருக்கும்! ஓலைக் காற்றாடி, ஓலைக் கிலுக்கு, ஊதினால் சுருள் நீண்டு எதிரே இருக்கிறவர் மூக்கைத் தொடும் பீப்பி, நடுவில் நூல் கோத்து இழுக்கிற விர்விர் தட்டு, ரப்பர் கட்டின தண்ணிப் பந்து, ஓட்டையில் கண் வைத்துப் பார்க்கிற படப்பெட்டி. ராட்டினமும் உண்டு. மரத்தொட்டில் ராட்டினம், இரண்டு ஆட்கள் கையால் சுற்றுவார்கள். நான் அதில் ஏறினதைவிடப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம்.

எனக்கு எல்லாவற்றையும்விட டப்டப் கப்பல். தகர டப்பாவை வெட்டிச் செய்தது, உள்ளங்கை நீளம், பச்சையும் சிவப்பும் பெயின்ட். விற்கிறவர் அகலமான அலுமினியத் தட்டில் தண்ணீர் நிரப்பி, ஒரு கப்பலை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார். அதன் சத்தம் கேட்டுத்தான் பிள்ளைகள் கூடும். அது விலை ஜாஸ்தி. ஒரு கொடையில் முழுத்துட்டும் கொடுத்து நானும் அண்ணனும் பங்கு போட்டு வாங்கினோம். இரண்டு நாள் வேறொன்றும் வாங்கவில்லை, மிட்டாய்கூட.

வீட்டுத் தொட்டியில் அதை ஓடவைக்க ஒரு முறை உண்டு. கப்பலின் பின்பக்கம் இரண்டு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வாயில் தண்ணீர் வைத்து ஒரு குழாய்க்குள் ஊத வேண்டும், இன்னொன்றின் வழியாகத் தண்ணீர் சொட்டினால் உள்ளே நிரம்பியாயிற்று. சின்னத் தகரக் கரண்டியில் எண்ணெயும் பஞ்சுத்திரியும் வைத்து, கொளுத்தி, கப்பலுக்குள் தள்ள வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அண்ணன் தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக் காத்திருப்பான். திடீரென்று ஒரு ‘டப்’. அப்புறம் டப்டப்டப்டப் என்று வீடே கேட்கும்படி அடித்துக்கொண்டு கப்பல் சுற்றும்.

அதில் மோட்டாரும் கிடையாது, சக்கரமும் கிடையாது. எப்படிப் போகிறது என்று அப்பாவைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்டேன், புகையினால் என்றார். கல்லூரியில்தான் எனக்குப் பிடிபட்டது. சூட்டில் உள்ளேயிருக்கிற தண்ணீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்ததும் வெளித் தண்ணீரை மறுபடி உள்ளே இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் ஒரே அளவு என்றால் கப்பல் நின்ற இடத்திலேயே ஆட வேண்டியதுதானே? ஆடாது. வெளியே போகிற தண்ணீர் நேராக ஒரே திசையில் பீய்ச்சும், உள்ளே வருகிற தண்ணீர் குழாய் வாயைச் சுற்றி நாலாபக்கமிருந்தும் வரும். அந்த வித்தியாசத்தில்தான் கப்பல் முன்னால் போகிறது. இன்றைக்கும் பதினொன்றாம் வகுப்புக்கு உந்தம் நடத்துகிற அன்று நான் கரும்பலகையில் முதலில் வரைவது அந்தக் கப்பலைத்தான். நான் இயற்பியல் படித்ததற்கு நம்ம ஊர்க் கொடைத் திடலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அந்த மனிதர் காரணம். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது.

சொப்புச் சாமான் அம்பாசமுத்திரத்திலிருந்து வரும். ஓலைப்பெட்டியைத் திறந்தால் அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு எல்லாம் கட்டை விரல் உயரத்தில். மஞ்சள் கடம்பு மரத்தில் கடைந்தவை. ஒரு தடவை தாத்தாவோடு அங்கே போனபோது கடைசல் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சுழல்கிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி, நிறம் தானே மரத்தில் ஏறிக்கொள்ளும். தூரிகை கிடையாது. சிவப்பு வளையம், பச்சை வளையம், மஞ்சள் வளையம் என்று கண் இமைப்பதற்குள் ஒரு குடம். அந்தக் குடம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நிறம் மங்கவில்லை. அம்பாசமுத்திரம் நமக்குக் கூப்பிடு தூரம்தான். போன வருஷம் நம் திடலில் ஒரே ஒரு சொப்புக்கூட இல்லை.

காசே இல்லாத பிள்ளைக்கும் கொடை உண்டு. சித்திரையில் நுங்கு இறங்குகிற காலம். சுளையைத் தோண்டித் தின்றுவிட்டு, மிஞ்சுகிற வெறும் காயை, அதாவது கூந்தலை, இரண்டு எடுத்து ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. இப்போதும் நுங்கு விற்கிற இடத்தில் கூந்தல் மலையாகக் கிடக்கிறது. எடுத்து வண்டி செய்கிற கையைத்தான் காணோம்.

பிலிம் துண்டு விற்கிறவரைச் சொல்லாமல் விட்டால் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டான். அஞ்சு பைசாவுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நமக்குப் பிடித்த நடிகர் இருக்கிறாரா, சண்டைக் காட்சியா, வெறும் மரம் மட்டைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். மரம் மட்டை அமைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அழுகை.

கொடை முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், சினிமா. ஃப்யூஸ் போன பல்பின் அடிப்பகுதியை மெதுவாகத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கிறதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவான் அண்ணன். அதுதான் லென்ஸ். ஜன்னல் கதவை எல்லாம் சாத்தி, வாசல் கதவின் ஓட்டை வழியாக மட்டும் வெளிச்சம் வரும். வெளியே வெயிலில் ஒரு பையன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கை வலிக்கிறது என்று இறக்கினால் உள்ளே கூச்சல் கிளம்பும். அட்டையில் வெட்டிய சந்தில் பிலிமைத் தலைகீழாகச் செருகினால், எதிர்ச் சுவரில் தொங்குகிற அப்பாவின் வேட்டியில் படம் நேராக விழும். அசையாது, பேசாது. வசனம் எல்லாம் அண்ணன்தான். மேகம் வந்தால் படம் நின்றுவிடும், எல்லாரும் இருட்டில் மேகம் விலகுகிறவரை காத்திருப்போம். வெளியே கண்ணாடி பிடிக்கிறவனுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் அவனால் படம் பார்க்க முடியாது. அதற்காகவே அடுத்த ஆட்டத்துக்கு ஆள் மாற்றுவது எங்கள் சட்டம்.

மூன்றாம் நாள் ராத்திரி திடலில் திரை கட்டிப் படம் போடுவார்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்னால் இடம் கிடைக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் திரைக்குப் பின்பக்கம் போய்விடுவோம். அங்கே எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும், கதாநாயகன் இடது கையால் அடிப்பார். எனக்கு ரொம்ப நாளைக்கு அவர் இடதுகைக்காரர் என்றுதான் எண்ணம்.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். திடலை மொத்தமாக ஒருவருக்குக் குத்தகை விட்டதில் வந்த பணம் அன்னதானத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் போனது என்று அண்ணன் சொன்னான். அது பெரிய காரியம். வில்லிசை இல்லாத கொடை கொடையே இல்லை, கணியான் கூத்தில் அடிக்கிற மகுடப் பறையின் சத்தம் கேட்காமல் எனக்கு ஊருக்கு வந்த மாதிரியே இருக்காது. பெரிய ராட்டினம் வரட்டும், காற்றடைத்த சறுக்கும் வரட்டும், அதில் குதிக்கிற பிள்ளைகளின் சந்தோஷத்தை நானும் பார்த்தேன். ஆனால் அங்கே எதற்குமே 100 ரூபாய்க்குக் குறைந்து வழியில்லை. பிள்ளை தன் கையால் காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. அப்பா போனை நீட்டுகிறார், காசு போய்விடுகிறது, பிள்ளைக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் முடிந்ததும் அழுதுகொண்டே இறங்குகிறது.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஒரு காரணமும் காதில் விழுந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. அது சரியான முடிவு. நம் வாயில் போட்ட கலர் என்ன கலரோ என்று எனக்கும் நெஞ்சு பதறத்தான் செய்தது. ஆகவே கலர் போட்ட தின்பண்டம் திடலுக்குள் வரக்கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லட்டும். சவ்வு மிட்டாய் வெள்ளையாக இருந்தாலும் வாட்ச் வரும். நம் கருப்பட்டி மிட்டாய்க்குக் கலரே தேவையில்லை, பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவும் கருப்பட்டிப் பாகும் போதும். ஓலைக் கொட்டானில் கட்டி வாங்கிக்கொண்டு போனால் மதுரையில் என் வீட்டுத் தெருவே கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்கிற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்தவர்கள் தாங்கள் செய்து விற்கிற பொம்மைகளுக்கு அந்த முத்திரை தேவையில்லை. பதிவு இருக்கிற கடைசல்காரர்களை நாமே அழைத்துவரலாம். டப்டப் கப்பலைப் பற்றி மட்டும் நானே ஒன்று சொல்ல வேண்டும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும், திரியில் நெருப்பு இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு விற்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. படித்துறை ஓரம் ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பித் தந்தால், மூன்று நாள் சாயங்காலமும் நானே உட்கார்ந்து ஓட்டிக் காட்டுகிறேன். ஏன் ஓடுகிறது என்று கேட்கிற பிள்ளைக்குச் சொல்லவும் செய்வேன்.

பணத்துக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறோம். அரசமரத்து ஓரத்தைக் குத்தகையிலிருந்து எடுத்தால் எவ்வளவு குறையுமோ, அதை ஊரில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டிவிடுகிறோம். போனில் பேசி முடித்தாயிற்று. தலைக்கட்டு வரி கட்ட எங்களுக்கு வழக்கமில்லை. இதையாவது எங்கள் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ரசீதில் பெயர் போடக்கூட வேண்டாம். கொடை முடிந்த மறுநாள் காலையில் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலையும் எங்களுடையது.

வருகிற செவ்வாய்க்கிழமை கொடைக்குப் பந்தல்கால் நடுகிற கால் நாட்டு என்று அண்ணன் சொன்னான். அதற்கு முன்னாலேயே ஒரு முடிவு சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். இந்த வியாபாரிகள் எல்லாம் அடுத்தடுத்து எந்த ஊரில் கொடை என்று பார்த்து முன்கூட்டியே கிளம்பிவிடுகிறவர்கள். போன வருஷம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெரியவரின் போன் நம்பரை வாங்கி வைத்தேன். அடுத்த கொடைக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டே, “நிக்க இடம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துருதேன்” என்றார். நீங்கள் சரி என்று சொன்ன அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
மேலத்தெருவில் பிறந்த உங்கள் தங்கச்சி